படம் இல்லாமல் வந்த பேத்தி

இராஜபாளையம்,
21.6.1998

அன்பு மகள் வேலுத்தாய்க்கு, இராஜபாளையம் முதல் திருவில்லிபுத்தூர் வரையிலான நிலப்பரப்பின் தனிப்பெரும் கணினிச் சக்கரவர்த்தியும், அப்பாவை இழந்த உன்னைப் பத்து வயதிலிருந்து தோளில் சுமந்து தோள் ஒரு பக்கம் சரிந்தவனுமான சித்தப்பன் சுயம்புலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி, உன் தங்கை சங்கரேஸ்வரி, நம் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் ஆகிய நால்வரும் சௌக்கியம். நால்வரில் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு நாளைக்கு மூன்று தடவை மயக்கம் வருகிறது, முகத்தில் தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நீயும் மாப்பிள்ளை அனிர்பனும் பாப்பாவும் சிகாகோவில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கத் திருவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு மொட்டை நேர்ந்திருக்கிறேன். என் தலையில் இருக்கிற முடிக்கு அவர் ஒன்றும் பெரிதாகச் செய்துவிட மாட்டார் என்பது எனக்கும் தெரியும், இருந்தாலும் கேட்டு வைத்திருக்கிறேன். உன் அம்மா சௌக்கியமா என்பதை மட்டும் வரிசைப்படி சொல்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் மூன்று நிமிடத்துக்குமேல் நான் பெருமை அடித்தால் உன் சித்தி ஒயரைப் பிடுங்கிவிடுகிறாள். கம்ப்யூட்டரில் அடித்து ஃபிளாப்பியில் அனுப்பலாம் என்றால் என் தமிழ் எழுத்துரு உன்னிடம் இருக்காது, நீ திறந்தால் கடிதம் முழுக்கக் கட்டமும் கேள்விக்குறியுமாக நிற்கும். காகிதமும் பேனாவும்தான் இன்றைக்கும் எந்த ஊரிலும் திறக்கிறது.

நீ போன பிறகு உன் அப்பா பெயரில் இருந்த நம் ரத்தினம் ஸ்டுடியோ, ரத்தினம் டிஜிட்டல் மல்டிமீடியா ஆகிவிட்டது. போர்டில் மட்டும் நான்கு நிறம், உள்ளே அதே பழைய மயில் திரைதான். ஒரே ஒரு கம்ப்யூட்டரை வாங்கி அதற்குக் கண்ணாடி அறை கட்டி, ஏ.சி. போட்டு, வெல்வெட் உறை தைத்து, மேலே எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். போன வாரம் போலீஸ் இன்ஸ்பெக்டரே பூட்ஸைக் கழற்றினார், அவர் சாக்ஸில் இரண்டு ஓட்டை, அந்த ரகசியம் என்னோடு இருக்கட்டும். வித்தை கற்றது திருவில்லிபுத்தூரில், அகமது கபீரின் கம்ப்யூட்டர் சென்டரில். போட்டோவைத் திருத்துவது, பத்திரிகை அமைப்பது, வீடியோ கோப்பது மூன்றும் பத்தே நாளில் என்று நோட்டீஸ் போட்டிருந்தான். முதல் நாள் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், இரண்டாம் நாள் அதை மேஜையைவிட்டுத் தூக்காமல் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், பத்தாம் நாள் சர்டிபிகேட் வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டேன். உலகத்தில் இன்னும் கற்க ஏதும் பாக்கி இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்த வித்தையை எல்லாம் நான் எதற்காகக் கற்றேன் என்று ஊர் நினைக்கிறதோ அதற்காக இல்லை. நீ அங்கே பதிவு அலுவலகத்தில் அந்த வங்காளத்துப் பிள்ளையைக் கட்டிக்கொண்ட செய்தி வந்த அன்றைக்கு உன் அம்மா, அவ மொகத்துல இனி முழிக்க மாட்டேன் என்று சொன்னார். சொன்னவர் பிச்சையம்மாள் என்பதால் அது அரசாங்க உத்தரவைவிடக் கெட்டி. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் நீ எழுதினாய், அம்மா தன் வாயால் கூப்பிட்டால்தான் தங்கை கல்யாணத்துக்கு வருவேன், இல்லாவிட்டால் இல்லை என்று. சொன்னவள் அந்தப் பிச்சையம்மாள் மகள், அதுவும் கெட்டி. இரண்டு கெட்டிக்கும் நடுவில் உன் தங்கை, அக்கா வராட்டா நான் மணவறைல ஏற மாட்டேன் சித்தப்பா, பாத்துக்கிடுங்க என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆவணி பத்தாம் தேதி முகூர்த்தம். மாப்பிள்ளை சோழபுரம் காசிராஜன், தங்கமான பிள்ளை, அவன் அப்பாவுக்குத்தான் தன் பெயருக்கு முன்னால் ஏழு பட்டம் போட்டால் ஒழியத் தூக்கம் வராது. ஆக மூன்று பெண்களின் வீம்பையும் ஒரே கம்ப்யூட்டரால் உடைக்க வேண்டிய பொறுப்பு இந்தச் சக்கரவர்த்தி தலையில் விழுந்தது.

முதல் படையெடுப்பு போட்டோவில். துபாய்க்குப் போன பிள்ளைகளுக்கு நம் ஸ்டுடியோவில் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். குடும்பப் படம் எடுக்கும்போதே வரிசையில் ஒரு ஆள் நிற்கிற இடைவெளி விட்டு எடுத்து, அந்தப் பிள்ளையை வேறு படத்திலிருந்து வெட்டி அங்கே ஒட்டுவோம். முன்பு பிளேடால் செய்தேன், இப்போது மவுஸால். நிச்சயதார்த்தத்தில் உன் அம்மாவையும் தங்கையையும் தள்ளித் தள்ளி நிறுத்தி, வெளிச்சம் நடுவுல போகணும் மதினி என்று ஒரு விஞ்ஞானத்தைச் சொல்லி இடைவெளி விட்டேன். அந்த இடத்தில் உன் கல்லூரிப் பிரிவு விழாப் படத்திலிருந்து உன்னை எடுத்து நிறுத்தினேன். மூன்று நாள் வேலை, கண் இரண்டும் மிளகாய்ப்பழம். முகத்தை மெருகேற்றி மெருகேற்றி உனக்கு ஒரு நடிகைக் களையே வந்துவிட்டது. பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். உன் அம்மா முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றுதானே சபதம், அதனால் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்த நாலு விரல் யாருது என்றார்.

குனிந்து பார்க்கிறேன், உன் இடது தோளில் நான்கு விரல்கள். அந்தக் கல்லூரிப் படத்தில் உன் தோழி மைமூன் உன் தோளில் கை போட்டு நின்றாள் அல்லவா, அவளை வெட்டிய நான் விரலை மறந்துவிட்டேன். பதினொரு பேர் நிற்கிற படத்தில் இருபத்திரண்டு கையும் ஒரு சொச்சமும். உன் அம்மா அதை மைமூன் என்று எப்படி நினைப்பார், அந்தப் பயலையும் உள்ள கூட்டியாந்துட்டீரா கொழுந்தனாரே, ஆள மறச்சுட்டு விரல மட்டும் காட்டுதீரா என்று என்னைப் பிடித்துக்கொண்டார். மைமூன் விரல் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், விரலில் கிடந்த பெண்பிள்ளை மோதிரத்தைக் காட்டினேன், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில், இனி ஒம்ம மிசினு காட்டுத எதையும் நான் நம்ப மாட்டேன், நாளைக்கு என்னையவே சிங்கத்து மேல ஒக்கார வச்சுட்டு நெசம்பீரு என்றார். அந்த யோசனை எனக்கு ஏற்கனவே உண்டு, அதனால் பேசாமல் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் படையெடுப்பு பத்திரிகையில். கல்யாணப் பத்திரிகையை வெளியே கொடுக்காமல் நானே அமைத்தேன். பிள்ளையார், தேங்காய், மாவிலை எல்லாம் சேர்த்ததில் முதல் தடவை முகூர்த்த நேரத்துக்கு இடம் இல்லை, இரண்டாம் தடவை மணப்பெண்ணுக்கு இடம் இல்லை. பதினாலாவது தடவை எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெண்ணின் உடன்பிறப்புகள் என்று வருகிற இடத்தில் உன் பெயர் போடட்டுமா என்று கேட்டேன், கூடாது என்றார் உன் அம்மா. சரி என்று பெயரை எடுத்துவிட்டேன், ஆனால் அந்த இரண்டு விரல் அகல இடத்தை மட்டும் எடுக்கவில்லை. அச்சகத்துக்காரர் சங்கையா புரூப்பைப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி, இங்கன பொட்டலாக் கெடக்கே, ஒரு பூவு போட்டு அடைச்சுருவமா என்றார். அது டிசைன், பம்பாயில இப்ப இதுதான் பேஷன் என்றேன். உன் அம்மாவும் அந்தப் புரூப்பைப் பார்த்தார், அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். அவர் திட்டாமல் விட்டது எனக்கு ஒரு பட்டாபிஷேகம் மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உன் சீடி வந்தது. போன வருஷம் நீ அனுப்பிய கேசட் நம் வி.சி.ஆரில் கறுப்பு வெள்ளையாகக் காற்றில் காயப்போட்ட வேட்டி போல மேலே மேலே ஓடியது, அந்த ஊர்க் கேசட் முறையே வேறு என்று பிறகு தெரிந்துகொண்டோம். அதனால்தான் சீடியில் அனுப்பச் சொன்னேன். பாப்பா சாப்பிடுகிற வீடியோ என்று நீ மேலே எழுதியிருந்தாய். சாம்பிராணி போட்டு, தட்டை நீட்டி, சீடியை உள்ளே அனுப்பினேன். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் உறுமியது, பிறகு இங்கிலீஷில் ஒரு கட்டம் போட்டு, இதைத் திறக்க எனக்கு வழி தெரியாது என்று கைவிரித்தது. என்னிடமா அந்தப் பேச்சு. போட்டோ சாப்ட்வேரில் திறந்தேன், சாம்பல் நிறக் கட்டம் வந்தது. பத்திரிகை அமைக்கிற சாப்ட்வேரில் திறந்தேன், முந்நூறு பக்கத்துக்குப் பேயாட்டம் ஆடிய எழுத்துகள் வந்தன. கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்து, கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்து சரியில்லை போல என்று அதை அழித்துவிட்டு வேறு மூன்று எழுத்து போட்டேன், கம்ப்யூட்டர் அப்படியே மயங்கி விழுந்தது. கபீருக்குப் போன் போட்டால், பேர மாத்துனா ஆளு மாறுவானா அண்ணாச்சி, அத முதல்ல பழையபடி வையுங்க என்றான். பிறகு பொறுமையாக விளக்கினான். வீடியோவ விரிச்சபடி வச்சா சீடி கொள்ளாது அண்ணாச்சி, சேலை மாதிரி மடிச்சுத்தான் அனுப்புவாவ, அங்க எந்த மடிப்பு மடிச்சாவளோ அத பிரிக்கத் தெரிஞ்ச சாப்ட்வேரு இங்கன வேணும், ஒங்ககிட்ட இருக்கது வேற மடிப்பு பிரிக்கது என்றான். அந்தச் சாப்ட்வேரைத் தேடித் தருகிறேன், பத்து நாள் பொறுங்கள் என்றான்.

இதற்குள் வீட்டில் ஒரு அதிசயம். இருபது வருஷத்தில் ஒரு நாளும் ஸ்டுடியோ வாசலை மிதிக்காத உன் அம்மா, சீடி வந்த மறுநாள் மத்தியானம் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். வெயில்ல நீரு எதுக்கு அலையணும், சோத்த நானே கொண்டாந்தேன் என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் வந்து, நான் சாப்பிடுகிற வரைக்கும் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது மட்டும், மிசினு சரியாச்சா என்று கேட்டார். இன்னும் இல்லை மதினி என்றேன். மறுநாளும் வந்தார். கத்தரிக்காய்க் கூட்டு, அடுத்த நாள் மொச்சைக் குழம்பு, அதற்கடுத்து கருவாடு. ஒரு நாளும் சீடி என்று வாயால் சொல்லவில்லை, ஒரு நாளும் மிசினு சரியாச்சா என்று கேட்காமல் போகவில்லை. பதினோரு நாளில் எனக்கு இடுப்பில் ஒரு சுற்று கூடிவிட்டது. இது சரியாகாமலே இருக்கட்டும் என்று ஒரு கெட்ட எண்ணம்கூட வந்தது, மன்னித்துவிடு.

பன்னிரண்டாம் நாள், போன செவ்வாய்க்கிழமை. உன் அம்மா தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். நான் சும்மா கிடக்க மாட்டாமல் அந்தச் சீடியை மறுபடி போட்டு, பாட்டுக் கேட்கிற சாப்ட்வேரில் இழுத்து விட்டேன். படத்தைப் பிரிக்க வழியில்லை என்று வழக்கம்போலக் கட்டம் வந்தது, நானும் சரி போ என்று அமுக்கினேன். திரை கறுப்பாகத்தான் இருந்தது, அமாவாசை மாதிரி. ஆனால் ஸ்பீக்கரில் உன் சத்தம் கணீரென்று வந்தது. ஏட்டி, வாயத் தொற, எம்புட்டு நேரமாக் கிண்ணியும் கையுமா நிக்கேன், தொரை வீட்டுப் பொண்டாட்டி கெணக்கா மூஞ்சியத் திருப்பாத, இப்பம் முழுங்குதியா இல்லியா என்று நீ பாப்பாவை அதட்டுகிறாய். உன் அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ஏன் கொழுந்தனாரே, நான் வேலுக்குச் சோறு ஊட்டுனத எப்பம் டேப்புல புடிச்சீரு என்று கேட்டார்.

மதினி, இது நீங்கள் இல்லை, உங்கள் மகள், பாப்பாவுக்கு ஊட்டுகிறாள் என்றேன். அவருக்கு வந்ததே கோபம். போட்டோவுல ஒட்டுனீரு, இப்பம் கொரலையும் ஒட்ட ஆரம்பிச்சாச்சா, இதுல நாலு விரல் எங்க கெடக்குன்னு நான் கண்டுபுடிக்கணுமாக்கும் என்று தூக்குச்சட்டியை மூடப் போனார். என் வாழ்க்கையில் நான் செய்த அத்தனை ஒட்டு வேலைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் தண்டனை கிடைத்தது மகளே. உண்மை ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து வைத்துக்கொண்டு, அதை உண்மை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அப்போது ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல். வாயி தொரோ, வாயி தொரோ கொண்ணு, அம்மாச்சிக்கு ஒரு வாயி, இது அம்மாச்சிக்கு என்று மாப்பிள்ளை கண்ணுவைக் கொண்ணுவாக்கிக் கெஞ்சுகிறார், பாப்பா கெக்கெக்கென்று சிரிக்கிறது, கரண்டி எங்கேயோ விழுகிறது. அதோடு சீடி முடிந்தது.

உன் அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மூன்றாவது தடவையும் போடச் சொன்னார், கரண்ட் போய்விட்டது, பேட்டரியில் போட்டேன், பேட்டரி குழந்தை போலக் கீச்சுக் கீச்சென்று கத்தக் கத்த அதையும் கேட்டார். கேட்டுவிட்டு, இது நெசந்தான் என்றார். எப்படி மதினி சொல்லுதீங்க என்றேன். தமிழ இப்படிக் கொல பண்ண நம்ம பக்கத்துல ஆளு கெடையாது, ஒமக்கும் அம்புட்டு நடிப்பு வராது என்றார். கொஞ்ச நேரம் கறுப்புத் திரையையே பார்த்தார். யாருக்கு ஒரு வாயிங்கான் அவன் என்று கேட்டார். உங்களுக்குத்தான் என்றேன். தூக்குச்சட்டியை மூடி எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டார். நான் இன்னும் ஒரு பருக்கை சாப்பிடவில்லை என்பது அவருக்கும் தோன்றவில்லை, அன்றைக்கு முழுக்க டீயும் வடையும்தான்.

மறுநாள் காலையிலேயே புரூப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கட்டைவிரலை அந்தப் பொட்டல் இடத்தில் வைத்து, இங்கன எழுதும், அவன் பேரு என்ன, முழுசாச் சொல்லும் என்றார். சொன்னேன். வேலுத்தாய் - அனிர்பன் சட்டோபாத்யாய் என்று அடித்தால் இரண்டு விரல் இடத்தில் எங்கே அடங்குகிறது, மாப்பிள்ளை பாதியில் வெட்டுப்பட்டுக் கீழே சமையல் மாஸ்டர் பக்கத்தில் போய் விழுந்தார். எழுத்தைச் சின்னதாக்கட்டுமா என்று கேட்டேன். எம் மருமவன எதுக்குச் சின்னதாக்கணும், அங்க சம்பந்தகாரருக்கு ஏழு பட்டம் கெடக்கே, அதுல ரெண்ட எடும் என்றார். எடுத்தேன். முன்னாள் கூட்டுறவுச் சங்க உதவித் தலைவரும் இந்நாள் பஜனை மடப் பொருளாளரும் உன் கணவருக்காகத் தங்கள் இடத்தைக் காலி செய்துவிட்டார்கள். சோழபுரத்தில் சண்டை வரும், வரட்டும், பம்பாய் பேஷன் என்று சொல்லிக்கொள்கிறேன். பத்திரிகை இந்தக் கடிதத்தோடு வருகிறது, முதல் பிரதி உனக்குத்தான், மஞ்சள் தடவியது உன் அம்மா.

நீ வாயால் கூப்பிட வேண்டும் என்றாயே, அதையும் கேட்டேன். ஐ.எஸ்.டி. பூத்தில் பேசினால் பூத்துக்காரன் கேட்பானாம், ஸ்டுடியோவில் பேசினால் நான் கேட்பேனாம், அதனால் எழுதச் சொன்னார், சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். ஆவணி ஏழாந்தேதி காலையில நான் ரயிலடியில நிப்பேன், மூணு பேரும் எறங்கணும், அந்தப் பிள்ளைக்கு மீனு ஆகுமான்னு கேட்டு எழுதச் சொல்லும், இம்புட்டுத்தான். மீன் ஆகுமா என்று, மீன் இல்லாமல் சோறு இறங்காத ஒரு வங்காளத்துப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற ஒரே மாமியார் நம் வீட்டில்தான் இருக்கிறார், இதையும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்.

இன்னும் ஒரு சங்கதி. கபீர் சொன்னபடியே ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சீடியில் அந்த மடிப்புப் பிரிக்கிற சாப்ட்வேரைக் கண்டுபிடித்து, நேற்று அவனே பஸ் ஏறி வந்து போட்டுக் கொடுத்துவிட்டான். இப்போது படம் தெரியும். உன் அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். வேண்டாம் என்றார். ஒம்ம மிசினுல பாத்தா எது நெசம் எது ஒட்டுன்னு எனக்கு ஒரு கொறை கெடக்கும், நேர்லயே முழிச்சுக்கிடுதேன் என்று சொல்லிவிட்டுக் கூடத்தைக் கழுவப் போய்விட்டார். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதத்துக்குமேல் இருக்கிறது, இப்போதே கழுவுகிறார். சாயங்காலம் மட்டும் வந்து கறுப்புத் திரையில் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிறார், அதற்காகவே திரையை அணைத்து வைக்கிறேன்.

ஆகவே மகளே, சித்தப்பன் சொல்கிற புத்தியை முந்தானையில் முடிந்துகொள். இனி வீடியோ அனுப்பினால் எதில் மடித்தாய் என்று ஒரு சீட்டு எழுதி, பிரிக்கிற சாப்ட்வேரையும் அதே சீடியில் போட்டு அனுப்பு. போட்டோ எடுத்தால் தோளில் யார் கையும் இல்லாமல் எடு, பெரிய அளவில் எடு, சின்ன அளவில் வந்தால் நான் பெரிதாக்கும்போது முகம் செங்கல் அடுக்கிய மாதிரி ஆகிவிடுகிறது. டிக்கெட்டை இன்றைக்கே போடு. மாப்பிள்ளைக்கு யாரும் தமிழ் திருத்த வேண்டாம், அவர் இப்போது பேசுகிற தமிழ்தான் நம் குடும்பத்துக்கு அத்தாட்சி. மூவரும் தீர்க்காயுசாக, எந்தக் கம்ப்யூட்டரும் மயங்காமல் நூறு வருஷம் இருக்க என் ஆசி. பாப்பாவுக்குக் கன்னம் சிவக்க ஒரு முத்தம். மீனுக்குப் பதில் எழுத மறக்காதே, உன் அம்மா தினம் தபால்காரரை நிறுத்திக் கேட்பார்.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்,
ச. சுயம்புலிங்கம்,
ரத்தினம் டிஜிட்டல் மல்டிமீடியா
(பட்டங்கள் இட நெருக்கடியால் நீக்கப்பட்டன)

பின்குறிப்பு: உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே, நான் கதவைச் சாத்திக்கொண்டு படத்தைப் பார்த்துவிட்டேன். பாப்பாவுக்கு அப்படியே ரத்தினம் அண்ணன் மூக்கு. நான் ஒட்டவில்லை.